அஸ்ல் முதல் அறுவை வரை

பிள்ளைப் பேற்றைக் கணவனும் மனைவியும் தம் விருப்பத்தின்படி தள்ளிப் போடலாமா என்னும் வினா நேற்று முளைத்ததன்று. சிவப்பு முக்கோணம் நம்மூர்ச் சுவர்களில் ஏறுவதற்கு ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருமுன்னிலையில் அவ்வினா எழுந்தது. எழுந்ததோடு விடையும் பெற்றது. ஆயின் அவ்விடைக்குப் பொருள் காண்பதில்தான் இமாம்கள் காலந்தொட்டு இன்றைய உலமாக்கள் காலம் வரை கருத்து வேறுபாடு நிலவி வருகிறது.

நம் குடும்பங்களில் இப்பேச்சு எழும்போது இருவகைக் குரல்களைக் கேட்கிறோம். குடும்பக் கட்டுப்பாடு என்ற சொல்லே மார்க்கத்துக்குப் புறம்பானது என்று அடித்துச் சொல்வோர் ஒருபுறம். அதெல்லாம் பழங்கதை, எம்முறையானாலும் ஆகும் என்று கையை வீசிவிட்டுப் போவோர் மறுபுறம். இரு சாராரும் கித்தாபுகளைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. புரட்டிப் பார்த்திருப்பின், நம் முன்னோரான ஃபிக்ஹு மேதைகள் இப்பொருளைக் கூச்சமின்றியும் கோபமின்றியும் எவ்வளவு நுட்பமாக ஆராய்ந்துள்ளனர் என்பது கண்டு வியந்திருப்பர்.

அக்கால அரபு மக்கள் அறிந்திருந்த முறை அஸ்ல் எனப்படுவது. கூடலின் முடிவில் கணவன் விலகிக்கொண்டு, விந்து கருப்பையைச் சேராமல் தடுத்தலே அஃது. திருமறை இறங்கிக் கொண்டிருந்த காலத்திலேயே தாங்கள் இதனைச் செய்து வந்ததாக ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. அச்செயல் நபிகள் நாயகத்தின் செவிக்கு எட்டியும் அவர்கள் தடுக்கவில்லை என்ற குறிப்பு முஸ்லிமில் உள்ளது. தடுக்க வேண்டியதாயிருந்தால் வஹீயே தடுத்திருக்கும் என்பதுதான் இவ்வறிவிப்பின் உட்பொருளாக அறிஞர்கள் கண்டது. ஒருவர் தம் பணிப்பெண்ணைப் பற்றி வந்து கேட்டபோது, விரும்பினால் அஸ்ல் செய்துகொள்ளலாம், ஆயினும் விதிக்கப்பட்டது வந்தே தீரும் என்ற கருத்துப்பட நபி (ஸல்) அவர்கள் விடையிறுத்தார்கள். சில நாட்களுக்குப் பின் அம்மனிதர் திரும்பி வந்து, அப்பெண் கருவுற்றுவிட்டாள் என்று கூறினார். பனூ முஸ்தலிக் போரின்போது தோழர்கள் கேட்டதற்கும் இதே பாங்கில்தான் விடை கிடைத்ததென அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கிறார்கள்.

இவற்றுக்கு நேர் எதிரே நிற்பது ஜுதாமா பின்த் வஹ்ப் (ரலி) அவர்களின் அறிவிப்பு. அஸ்லைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அது மறைவான சிசுப் புதைப்பு என்ற பொருள்பட நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக அந்த அம்மையார் வாயிலாக முஸ்லிம் பதிவு செய்கிறது. பெண் குழந்தைகளை உயிருடன் புதைத்த அறியாமைக் காலத்துக் கொடுமையோடு ஒப்பிடும் சொல் இது, மிகக் கடுமையானது. ஆனால் அபூ தாவூதில் வேறொரு செய்தி இருக்கிறது. அஸ்ல் என்பது சிறிய அளவிலான சிசுப் புதைப்பே என்று யூதர்கள் சொல்லித் திரிவதாகக் கூறப்பட்டபோது, அவர்கள் சொல்வது பொய் என்று நாயகம் மறுத்ததாக அச்செய்தி அமைந்துள்ளது. இவ்விரண்டையும் எங்ஙனம் இணைப்பது? கடுஞ்சொல் வெறுப்பைக் காட்டுமேயன்றி விலக்கைக் காட்டாது என்றனர் பெரும்பாலோர். கடுஞ்சொல்லே இறுதித் தீர்ப்பு, முந்தைய அனுமதிகளை அது மாற்றிவிட்டது என்றனர் சிலர்.

ஜுதாமா அம்மையாரின் அதே அறிவிப்பில் இன்னொரு பகுதியும் உண்டு. மேடைகளில் அதனை அதிகம் எடுத்துச் சொல்வதில்லை என்பது நம் குறை. பால் கொடுக்கும் தாயுடன் கணவன் கூடினால் குழந்தைக்குக் கேடு விளையும் என்பது அரபு மக்களின் நம்பிக்கை. அதனைத் தடை செய்துவிடலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணியிருந்தார்கள். பின்னர் ரோமரும் பாரசீகரும் அவ்வாறு நடந்துகொண்டும் அவர்தம் குழந்தைகளுக்குத் தீங்கு நேரவில்லை என்பதை நோக்கித் தடை செய்யாது விட்டார்கள். பிற சமூகத்தாரின் வாழ்வில் கண்ட உண்மை, ஒரு தடையைத் தவிர்க்கக் காரணமாயிற்று. தாயின் உடல்நலம், சேயின் நலம் ஆகியவற்றை மருத்துவர் வாய்க் கேட்டு முடிவு செய்யலாகாது என்று வாதிடுவோர் இதனைச் சற்றுச் சிந்திப்பார்களாக.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் அவையில் நடந்ததாகக் கூறப்படும் உரையாடலும் குறிப்பிடத்தக்கது. அஸ்ல் சிசுப் புதைப்பின் சிறு வடிவம் என்று சிலர் எண்ணுவதாக அங்கே பேச்சு எழுந்தபோது, அலீ (ரலி) அவர்கள் திருமறையின் 23ஆம் அத்தியாயத்தில் கூறப்படும் படைப்பின் படிகளை எடுத்துரைத்தார்கள். மண்ணின் சாரம், துளி, கட்டி, சதைப்பிண்டம், எலும்பு, அதன்மேல் சதை, பின்னர் வேறொரு படைப்பு என்னும் ஏழு நிலைகளையும் கடந்த பின்னரன்றோ புதைப்பு என்ற பேச்சுக்கே இடமுண்டு என்று அவர்கள் வினவ, உமர் (ரலி) அவர்கள் அதனை ஏற்று வாழ்த்தினார்கள் என்பது செய்தி. கருத்தடையையும் கருச்சிதைவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் வழக்கம் நம்மிடையே இன்றும் உண்டு. அவ்விரண்டும் வேறு வேறு என்ற தெளிவு அன்றே இருந்திருக்கிறது.

மத்ஹபுகள் உருப்பெற்ற காலத்தில் வினா சற்றே திரும்பியது. அஸ்ல் ஆகுமா என்பதைவிட, யாருடைய சம்மதத்தோடு ஆகும் என்பதே முதன்மை பெற்றது. மனைவியின் இசைவின்றிக் கணவன் அவ்வாறு செய்யலாகாது என்பது ஹனஃபி, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளின் பொதுவான நிலை. காரணம் இரண்டு: பிள்ளை பெறும் உரிமை அவளுக்கும் உண்டு, இல்லற இன்பத்தில் நிறைவு பெறும் உரிமையும் அவளுக்கு உண்டு. சுதந்திரமான பெண்ணின் அனுமதியின்றி அஸ்ல் செய்வதை நாயகம் தடுத்ததாக உமர் (ரலி) வாயிலாக வரும் ஹதீஸ் இப்னு மாஜாவில் உள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பர். எனினும் அதன் கருத்து சட்டமாக நிலைத்துவிட்டது. ஷாஃபிஈ மத்ஹபிலோ, மனைவி இசையாவிடினும் ஆகும், ஆயினும் உகந்ததன்று என்ற கருத்தே வலுப்பெற்றது. தமிழகத்தில் கடற்கரையோரத்துக் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் ஷாஃபிஈகளும், உள்நாட்டு ராவுத்தர் குடும்பங்களில் ஹனஃபிகளும் மிகுதி என்பதை நாம் அறிவோம். ஒரே ஜில்லாவில் இரு வீட்டாருக்கு இரு விடை கிடைத்தால் அதில் வியப்பேதும் இல்லை.

பிற்கால ஹனஃபி அறிஞர்கள் ஒரு படி மேலே சென்றனர். காலம் கெட்டுக் கிடக்கிறது, பிறக்கும் பிள்ளை தீயவழியில் வளருமோ என்ற அச்சம் நிலவுகிறது என்றால், மனைவியின் சம்மதமின்றியும் செய்யலாம் என்று எழுதி வைத்தனர். அவர்கள் எழுதியது அவர்கள் காலத்தைப் பற்றி. எந்தத் தலைமுறை தன் காலம் கெட்டுவிட்டது என்று கருதாமல் இருந்தது?

இப்பொருளில் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டியவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். கி.பி. 1058இல் தூஸ் நகரில் பிறந்து 1111இல் அங்கேயே மறைந்த அப்பேரறிஞர், தம் இஹ்யாவில் திருமணத்தின் ஒழுக்கங்களைப் பற்றிய பகுதியில் அஸ்லைக் குறித்து விரிவாகப் பேசுகிறார்கள். அவர்கள் முடிவு: அது ஆகும். சிலர் அதனை மக்ரூஹ் என்று சொல்வார்களாயின், அச்சொல்லுக்கு மேலானதைக் கைவிடுதல் என்பதற்கு மிஞ்சிப் பொருள் கொள்ளலாகாது. பள்ளிவாசலில் அமர்ந்துகொண்டு திக்ரும் தொழுகையுமின்றி வாளாவிருப்பவன் எவ்வாறு ஒரு சிறப்பை இழக்கிறானோ அவ்வளவே இதுவும் என்பது அவர்களின் விளக்கம். சிசுப் புதைப்போடு இதனை ஒப்பிடுவதை அவர்கள் ஏற்கவில்லை. வணிக உடன்படிக்கை ஒன்றை உவமை காட்டுகிறார்கள். ஒருவன் தருவேன் என்கிறான். மற்றவன் ஏற்றேன் என்று கூறுமுன் முதலாமவன் பின்வாங்கினால் அங்கே உடன்படிக்கையும் இல்லை, அதனை முறித்தலும் இல்லை. ஆணின் பங்கும் பெண்ணின் பங்கும் கருப்பையில் கலந்த பின்னரே படைப்பின் வாயில் திறக்கிறது. அதன் பின் அதனைக் கெடுப்பது குற்றம். கரு வளர வளரக் குற்றமும் வளரும்.

அதற்கு மேலும் ஒரு படி செல்கிறார்கள் இமாமவர்கள். செயல் ஒன்றேயாயினும் நிய்யத்துக்கு ஏற்பத் தீர்ப்பு மாறும் என்று கூறி, மக்கள் அஸ்ல் செய்யும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து நிறுக்கிறார்கள். மனைவியின் அழகும் உடலும் கெடாதிருக்க வேண்டும், பேறுகால ஆபத்திலிருந்து அவள் உயிர் தப்ப வேண்டும் என்பது ஒரு காரணம், அது குற்றமன்று. பிள்ளைகள் பெருகினால் வருவாய் போதாமல் தவறான வழிகளில் இறங்க நேரிடுமோ என்ற அச்சம் மற்றொரு காரணம். அதுவும் விலக்கப்பட்டதன்று, இறைவன்மீது முழுப் பொறுப்பையும் சாட்டும் தவக்குலின் உயர்படியிலிருந்து சற்றுக் கீழிறங்குவதே. ஆனால் பெண் பிள்ளை பிறந்துவிடுமோ என்று அஞ்சிச் செய்தால்? அது தீய எண்ணம். பெண்மகவைப் புதைத்த அரபியரின் எண்ணத்துக்கும் இதற்கும் வேறுபாடில்லை என்று அவர்கள் சாடுகிறார்கள். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்க நம் நாட்டில் 1994இல் சட்டம் இயற்ற நேர்ந்ததை எண்ணும்போது, எண்ணூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நூலில் இருந்த எச்சரிக்கையை நாம் படித்தும் படியாதவராய் இருந்தோமோ என்றே தோன்றுகிறது.

மறுகரையில் நின்றவர் குர்துபாவின் இப்னு ஹஸ்ம் (994–1064). ஜுதாமா அம்மையாரின் அறிவிப்பே இறுதியானது, ஆகவே அஸ்ல் அறவே ஆகாது என்று முடிவு கட்டினார். அவருடைய ளாஹிரி நெறி நாளடைவில் மங்கியதால் அக்கருத்தும் சிறுபான்மையாகவே நின்றுவிட்டது. இதே நூற்றாண்டுகளில் மருத்துவ நூல்கள் என்ன செய்து கொண்டிருந்தன என்பதையும் நோக்கவேண்டும். அர்ராஸீயும் இப்னு ஸீனாவும் கருத்தரியாமல் இருப்பதற்கான மருந்துகளையும் பூச்சுகளையும் தம் நூல்களில் வெளிப்படையாகவே எழுதினர். இன்றைய மருத்துவம் அவற்றுள் பலவற்றை ஏற்காது. ஆயினும் அவற்றை எழுதியதற்காக அவர்கள்மீது எவரும் பாயவில்லை. மத்தியகால ஐரோப்பியத் திருச்சபை கருத்தடையைப் பெரும் பாவமாகக் கண்டித்து வந்த காலம் அது. கத்தோலிக்கத் தலைமை அந்நிலையை 1930இலும் 1968இலும் போப்பாண்டவர் சுற்றுமடல்கள் வாயிலாக மீண்டும் உறுதி செய்தது.

இதுகாறும் பேசியது தற்காலிகத் தடையைப் பற்றி. நிலையான தடைக்கு ஃபிக்ஹில் வேறு தலைப்பு உண்டு. துறவு பூண விரும்பிய உஸ்மான் இப்னு மள்ஊன் (ரலி) அவர்களுக்கு நாயகம் அனுமதி மறுத்தார்கள். அனுமதி கிடைத்திருந்தால் நாங்கள் விதையடித்துக் கொண்டிருப்போம் என்ற கருத்தில் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) கூறியதாக ஹதீஸ் நூல்களில் உள்ளது. போர்களில் மனைவியரைப் பிரிந்திருந்த தோழர்கள் அதற்கு அனுமதி கோரியபோதும் மறுப்பே கிடைத்தது. ஆகவே காயடித்தல் ஹராம் என்பதில் இமாம்களிடையே வேற்றுமை இல்லை. (அங்ஙனமிருக்க, பக்தாதிலும் கெய்ரோவிலும் இஸ்தான்புல்லிலும் அரண்மனை அந்தப்புரங்களில் அலிகள் நூற்றுக்கணக்கில் காவல் நின்றனர்! எல்லைக்கு அப்பால் பிறர் கையால் காயடித்து விற்கப்பட்டவர்களை வாங்கிக்கொள்வதில் மன்னர்களின் மனச்சான்று உறுத்தவில்லை போலும்.)

காயடித்தலுக்கும் அஸ்லுக்கும் இடைப்பட்ட நிலத்தை அளந்தவர்கள் பிற்கால ஷாஃபிஈ அறிஞர்கள். அல்அஸ்ஹரின் தலைவராயிருந்து 1860இல் மறைந்த இப்ராஹீம் அல்பாஜூரி (ரஹ்) அவர்கள், பெண் உட்கொள்ளும் மருந்து கருவுறுதலைத் தாமதப்படுத்துமாயின் மக்ரூஹ், அடியோடு அறுத்துவிடுமாயின் ஹராம் என்று வரையறுத்தார்கள். தாமதம், அறுப்பு என்ற இவ்விரு சொற்களே பின்வந்த ஃபத்வாக்கள் பலவற்றுக்கும் அடித்தளம். பாஜூரி அவர்கள் எழுதியபோது இன்று நாம் அறியும் ஆண் கருத்தடை அறுவை வழக்கில் இல்லை.

இவ்வறுவையில் நடப்பது யாது? விந்தணுக்களை ஏந்திச் செல்லும் இரு குழாய்களையும் வெட்டிக் கட்டிவிடுகின்றனர். விரைகள் அப்படியே இருக்கும். ஆண்மைக்குரிய சுரப்பும் வேட்கையும் குன்றா. ஆகவே இது காயடித்தலன்று என்று ஒரு சாரார் வாதிட்டனர். உறுப்பு எஞ்சினாலும் பயன் அற்றுப்போகிறதே, நோக்கம் ஒன்றுதானே என்று மறுசாரார் வினவினர். அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதைத் திருமறை கண்டிப்பதையும் அவர்கள் சான்று காட்டினர். பெரும்பாலான உலமாக்கள் இரண்டாம் அணியிலேயே நின்றனர். நுண்ணறுவையால் குழாய்களை மீண்டும் இணைக்கும் முறை வளர்ந்த பின்னர்தான் வாதத்தில் புதிய காற்று வீசியது. இணைத்தாலும் பிள்ளைப்பேறு உறுதியில்லை. காலம் செல்லச் செல்ல வாய்ப்பு குறைகிறது. ஆக, இதனை அறுப்பு என்பதா, நெடிய தாமதம் என்பதா? மருத்துவரே உறுதிகூற இயலாத ஒன்றில் முஃப்தி எவ்வாறு உறுதி கூறுவார்?

எகிப்தில் இவ்விவாதம் அமைதியாகத் தொடங்கியது. 1937இல் பெரிய முஃப்தி அப்துல் மஜீத் ஸலீம் அவர்கள், வளர்ப்புச் சுமையையும் மனைவியின் உடல்நலத்தையும் முன்னிட்டுத் தற்காலிகத் தடையைக் கைக்கொள்ளலாம் என்று ஃபத்வா அளித்தார்கள். 1950களின் இறுதியில் அஸ்ஹரின் தலைவர் மஹ்மூத் ஷல்தூத் அவர்கள் தனிக் குடும்பத்தின் திட்டமிடலையும், நாடு முழுமைக்கும் சட்டத்தால் விதிக்கும் வரம்பையும் பிரித்துக் காட்டி, முன்னதை ஏற்றுப் பின்னதை மறுத்தார்கள். இந்தியத் துணைக்கண்டத்தில் மவ்லானா மௌதூதி அவர்கள் 1930களிலேயே உர்துவில் கருத்தடை இயக்கத்தை எதிர்த்து எழுதத் தொடங்கிவிட்டார்கள். வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்லாதீர் என்னும் இறைக் கட்டளையின் உள்ளுறையும், மேலைநாட்டு ஒழுக்கச் சிதைவைப் பற்றிய அச்சமும் அவர்களுடைய வாதத்தின் இரு தூண்கள். இரண்டாவது தூணை எவரும் எளிதில் தள்ளிவிட இயலாது. முதலாவதற்கு அலீ (ரலி) அவர்களின் விடை முன்னரே இருக்கிறது என்பது நம் கருத்து.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1952இல் அரசே முன்னின்று குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கிய முன்னோடி நாடு இந்தியா. 1950களின் பிற்பகுதியிலேயே பணம் கொடுத்து அறுவையை ஊக்குவித்த முன்னோடி மாநிலம் நம் சென்னை மாநிலம். 1971 ஜூலையில் கேரளத்து எர்ணாகுளத்தில் திருவிழாப் போல் நடத்தப்பட்ட முகாமில் ஒரே மாதத்தில் 63 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு அறுவை நடந்தது. பணமும் பரிசுப் பொருள்களும் கொடுத்தனர். ஏழையின் பசிக்கு முன் நீட்டப்படும் பணம் விருப்பத்தை எவ்வளவு தூரம் விருப்பமாகவே விட்டுவைக்கும் என்ற ஐயம் அப்போதே எழுந்திருக்க வேண்டும்.

1975 ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 1976 ஏப்ரலில் வெளியான தேசிய மக்கள்தொகைக் கொள்கை, இரு பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்வோருக்கு 150 ரூபாய், மூன்றோடு நிறுத்துவோருக்கு 100, நான்கோ அதற்கு மேலோ ஆனால் 70 என்று தொகை வகுத்ததோடு, கட்டாயச் சட்டம் இயற்ற விரும்பும் மாநிலங்களுக்குத் தடை சொல்லாது என்றும் கூறியது. மகாராஷ்டிரம் அத்தகைய மசோதாவையும் நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வரவில்லை. சட்டம் வராமலே கட்டாயம் வந்தது. ஆசிரியருக்கும் கிராம அலுவலருக்கும் இத்தனை பேர் என்று இலக்கு. இலக்குத் தவறினால் சம்பளம் நிற்கும். 1975–76இல் 26 லட்சமாயிருந்த அறுவைகள் 1976–77இல் 81 லட்சமாயின. அவ்வாண்டுக்கு வைத்த இலக்கோ 42 லட்சத்துச் சொச்சம்தான். இலக்கைப் போல் ஏறத்தாழ இருமடங்கு எட்டிய இத்துறைபோல் வேறெந்தத் துறையும் அந்நாளில் உழைத்ததாகத் தெரியவில்லை.

நஸ்பந்தி என்ற சொல் வடநாட்டு முஸ்லிம்களின் வீடுகளில் நடுக்கத்தோடு உச்சரிக்கப்பட்டது. தில்லி ஜும்ஆ மஸ்ஜித் வட்டாரத்தில் துஜானா ஹவுஸில் அறுவை முகாம் நடந்து கொண்டிருக்க, அருகே துர்க்மான் கேட்டில் வீடுகள் இடிக்கப்பட்டன. 1976 ஏப்ரல் 19இல் மக்கள் திரண்டபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. அக்டோபரில் உத்தரப் பிரதேசத்து முசஃபர்நகரிலும் அவ்வாறே. நவம்பர் 6ஆம் நாள் விடியுமுன் ஹரியானாவில் மேவ் முஸ்லிம்கள் வாழும் உத்தாவர் கிராமத்தைப் போலீசார் சூழ்ந்துகொண்டு ஆண்களை ஒன்று திரட்டிக் கொண்டுபோயினர். அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் அறுவைக்கு உட்படுத்தப்பட்டனர். இவை முஸ்லிம்கள்மீது மட்டும் பாய்ந்த கொடுமைகள் என்று சொல்வது உண்மையாகாது. தலித்துகளும் நிலமற்ற ஏழைகளும் நடைபாதைவாசிகளும் இதே வலையில் சிக்கினர். 1977இல் அமைக்கப்பட்ட ஷா விசாரணைக் கமிஷன், அறுவையோடு தொடர்புடைய 1,774 மரணங்களையும், மணமாகாதோருக்குச் செய்யப்பட்ட அறுவைகள் பற்றிய 548 புகார்களையும் பதிவு செய்தது. 1977 மார்ச் தேர்தலில் வடநாடு அளித்த தீர்ப்பை அனைவரும் அறிவர். தெற்கில் காற்று வேறுபக்கம் வீசியது. தமிழ்நாட்டில் காங்கிரஸ் இடம்பெற்ற அணியே பெருவாரியாக வென்றது. இங்கும் இலக்கும் முகாமும் இருந்தன, துப்பாக்கி இல்லை.

கத்தி ஏறிய உடலோடு ஊர் திரும்பியவர்களுக்கு வேறொரு வேதனை காத்திருந்தது. நஸ்பந்தி செய்துகொண்டவர் முன்னின்று தொழுவிக்கலாமா, அவரைப் பின்பற்றித் தொழுதால் தொழுகை கூடுமா என்ற வினாக்கள் தாருல் இஃப்தாக்களுக்குச் சென்றன. குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவருக்கு ஜனாஸாத் தொழுகையே இல்லை என்ற பேச்சும் பரவியது. இக்கடைசிப் பேச்சு நம் பகுதிகளிலும் மூத்தோர் வாயில் கேட்டதுதான். இதற்கு எந்தக் கித்தாபிலும் ஆதாரம் கிடையாது. கலிமாச் சொன்ன முஸ்லிம் எத்தனை பாவம் செய்திருப்பினும் அவருக்கு ஜனாஸாத் தொழுகை உண்டு; தற்கொலை செய்துகொண்டவருக்கே உண்டு என்பது பெரும்பாலான இமாம்களின் கருத்து. வற்புறுத்தப்பட்டவரின் நிலையோ இன்னும் தெளிவு. சித்திரவதைக்கு ஆளாகி நாவால் குஃப்ரை மொழிந்த அம்மார் இப்னு யாஸிர் (ரலி) அவர்களையே, உள்ளம் ஈமானில் அமைதியுற்றிருந்தமையால், மார்க்கம் குற்றம் பிடிக்கவில்லை. போலீஸ் வண்டியில் ஏற்றப்பட்டுக் கொண்டுபோகப்பட்ட ஒரு மேவ் விவசாயிமீது என்ன குற்றத்தைச் சுமத்த இயலும்? தம் விருப்பத்தால் செய்துகொண்டவருக்கும் தவ்பாவின் வாயில் அடைபட்டதில்லை. ஓர் அரசின் முரட்டுத்தனத்தால் ஏற்பட்ட காயத்தின்மேல் நம் ஜமாஅத்துக்கள் சில அறியாமையால் உப்பைத் தூவின என்பதை மறைப்பதற்கில்லை.

1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியின் தீர்மானம் இவ்வளவு அனுபவத்துக்கும் பிற்பட்டது. கணவன் மனைவியரின் பிள்ளை பெறும் உரிமையைக் கட்டுப்படுத்தும் பொதுச்சட்டம் இயற்றுதல் ஆகாது. ஆணுக்கோ பெண்ணுக்கோ கருவுறும் ஆற்றலை அடியோடு நீக்குதல், மார்க்கம் ஏற்கும் நிர்ப்பந்தம் இருந்தாலன்றி, ஹராம். பேறுகளுக்கு இடையே காலம் விடுவதும் குறித்த காலத்துக்கு நிறுத்தி வைப்பதும், இருவரும் கலந்து இசைந்து, தீங்கின்றி நடப்பின், ஆகும். பாஜூரி அவர்களின் இரு சொற்களும் ஹனஃபிகளின் சம்மத நிபந்தனையும் ஷல்தூத் அவர்களின் வேறுபாடும் இத்தீர்மானத்தில் ஒன்றுசேர்ந்து நிற்பதைக் காணலாம்.

ஷாஃபிஈகள் மிகுந்த இந்தோனேசியாவில் உலமாப் பேரவை 1979இல் ஆண், பெண் கருத்தடை அறுவைகளை ஹராம் என்றது. 2009இலும் அதனையே உறுதி செய்தது. 2012இல் சிபாசுங்கில் கூடியபோது, மீண்டும் இணைக்கும் வாய்ப்பு உறுதியாயிருத்தல் முதலிய நிபந்தனைகளோடு விலக்கு உண்டென்று சற்றே தளர்த்தியது. 2025இல் மேற்கு ஜாவாவின் ஆளுநர், அரசு உதவி பெற ஆண் கருத்தடை அறுவையை நிபந்தனையாக்கலாம் என்று யோசனை கூறியபோது உலமாக்கள் எதிர்த்தனர். ஷீஆ ஈரானின் வரலாறு வேறுவகை. 1979 புரட்சிக்குப் பின் கைவிடப்பட்ட திட்டம் 1989இல் ஆலிம்களின் ஆதரவோடு திரும்பி வந்தது; அறுவையும் இலவசமாகவே செய்யப்பட்டது; 1980களின் நடுவில் ஆறுக்கு மேலிருந்த சராசரிப் பிள்ளைப்பேறு 2000 அளவில் இரண்டுக்கு அருகில் இறங்கியது. 2012க்குப் பின் அரசின் எண்ணம் மாறி, 2021இல் இலவசக் கருத்தடைச் சாதனங்களையும் அரசு மருத்துவமனைகளில் விருப்ப அறுவையையும் சட்டமே தடுத்தது. பெறாதே என்று ஆணையிடுவதும் பெறு என்று ஆணையிடுவதும் குடும்பத்தின் ஆலோசனையை அரசு பறித்துக்கொள்வதில் ஒன்றே.

இந்தியாவில் 1977க்குப் பின் துறையின் பெயர் குடும்ப நலம் என்று மாறியது. ஆண்கள் அறுவையை அஞ்சி ஒதுக்கினர். சுமை முழுவதும் பெண்கள்மீது இறங்கியது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டவர்களோ 0.3 விழுக்காடு. தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட மனைவியர் அறுவை செய்துகொண்டவர்களே. அதே ஆய்வில் முஸ்லிம் பெண்களின் சராசரிப் பிள்ளைப்பேறு 2.36, 1992–93இல் அது 4.4 ஆக இருந்தது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் ஒரே நாளில் 83 பெண்களுக்கு அறுவை செய்த முகாமை அடுத்து 13 பெண்கள் உயிரிழந்தனர். அதன்பின் 2016இல் உச்ச நீதிமன்றம் மூன்றாண்டுகளுக்குள் இத்தகைய முகாம்களை நிறுத்துமாறு ஆணையிட்டது.

நம் இல்லங்களில் இன்று இவ்வினா பெரும்பாலும் எழுவது பிரசவ அறையின் வாயிலில். இரண்டாவது அல்லது மூன்றாவது சிசேரியன். அதோடு சேர்த்துச் செய்துவிடலாமா என்று டாக்டர் கேட்கிறார். அறுவைக்கு வாழ்க்கைத் துணையின் ஒப்புதல் தேவையில்லை என்பது அரசின் விதி. இருவர் ஒப்புதலும் வேண்டும் என்பது குவைத் தீர்மானம். இன்னொரு கரு தாயின் உயிருக்கு ஆபத்து என்று தேர்ந்த மருத்துவர் கூறுவாராயின் அது நிர்ப்பந்தத்தில் அடங்கும் என்றே ஃபத்வாக்கள் கூறுகின்றன. வசதிக்காக மட்டும் என்றால் காப்பர்-டி போன்ற மீளத்தக்க முறைகளைக் காட்டுகின்றன. ஆலிமிடம் கேட்பதும் டாக்டரிடம் கேட்பதும் ஏழாம் மாதத்திலேயே நடந்திருக்க வேண்டியவை. மயக்க மருந்து கொடுத்த பிறகு வெளியில் வந்து கணவரையும் மாமியாரையும் தேடும்போதுதான் நம்மவர் பலர் ஹஜ்ரத்துக்கு டெலிபோன் செய்கிறார்கள். உள்ளே படுத்திருப்பவளை அப்போது கேட்பதற்கும் வழியில்லை.